மீதிச் செபம்

எங்கள் அச்சுக்கூடத்துக் கதவில் ஒருநாள் காலையில் தாரால் 'துரோகி' என்று பெரிதாக எழுதியிருந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனேன். மாமனார் வேண்டாம் என்று தடுத்தார். ஒரு நிமிஷம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள் என்றார். அச்சுக்கோக்கிறவருக்கு முதலில் அதுதான் கண்ணில் படும்போலிருக்கிறது. பிறகு கதவைத் திறந்து உள்ளே போய் வேலையைத் தொடங்கினார்.

நான் திருத்தணிப் பக்கத்திலிருந்து புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆந்திரம் தனி மாநிலமான சமயம் அது. சித்தூர் ஜில்லா மொத்தமும் அந்தப் பக்கம் போய்விட்டது. எல்லை மட்டும் இன்னும் பேசித் தீரவில்லை என்றார்கள். தமிழ்க் கிராமங்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கமிட்டி போட்டார்கள். எங்கள் ஊர்க் கமிட்டிக்கு மாமனார்தான் தலைவர். கத்தோலிக்க வேதக்காரர்கள் நாங்கள் சில குடும்பங்கள்தான். ஆனாலும் ஊர்க்காரர்கள் அவரைத்தான் முன்னால் நிறுத்தினார்கள், அவர் பேச்சு அப்படி. விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராகக் கூட்டத்துக்குப் போவார். இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்பதுபோல நடந்துகொள்வார். என் வீட்டுக்காரர் அதே கமிட்டியில் இளைஞர்களைத் திரட்டும் பொறுப்பில் இருந்தார். அப்பாவும் பிள்ளையும் ஒரே தட்டில் சோறு தின்னாத குறைதான், அவ்வளவு ஒட்டு. அந்த வருஷங்களில் மாமனார் சந்தையில் தெலுங்குக்காரர் கேட்டாலும் தமிழில்தான் பதில் சொல்வார். தெலுங்கு நன்றாகத் தெரியும். தெலுங்குக் கல்யாணப் பத்திரிகைகூட அச்சுக் கோத்துக் கொடுப்பார். ஆனால் வாய் திறந்து பேசமாட்டார்.

பூசை அப்போது லத்தீனில் நடந்ததால் அதில் யாருக்கும் வழக்கில்லை. வழக்கெல்லாம் பூசைக்கு வெளியே சொல்லும் செபத்தில்தான். ரயில்வே வேலைக்காக வந்த தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில எங்கள் கோவில் பங்கில் சேர்ந்திருந்தன. புதிதாக வந்த பங்குச் சாமியாரும் தெலுங்குக்காரர். மாதா திருவிழாத் தேர்பவனியில் செபமாலையை இரண்டு பாஷையிலும் மாற்றி மாற்றிச் சொல்லலாம் என்று அவர் அறிவித்தார். இளைஞர்கள் கொதித்துப்போனார்கள். எல்லையைப் பார்வையிட ஆட்கள் வருவார்கள், தெருவில் தெலுங்குச் சத்தம் கேட்டால் இது தெலுங்கு ஊர் என்று எழுதிவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். தெலுங்கில் யார் செபம் தொடங்கினாலும் ஒருவரும் பதில் சொல்லக் கூடாது என்று என் வீட்டுக்காரரே வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். மாமனார் அதைத் தடுக்கவில்லை. அவருக்கும் அந்தப் பயம் இருந்தது.

செபமாலையில் ஒருவர் மங்கள வார்த்தை செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, கூட்டம் மறு பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். பவனி கடைத்தெருவுக்கு வந்தபோது, ரயில்வே கேங்கில் தண்டவாள வேலை செய்த ஒருவரின் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு தேருக்கு முன்னால் வந்தாள். அந்தப் பிள்ளை விஷக்காய்ச்சலிலிருந்து பிழைத்தது. பிழைத்தால் தேர் முன்னால் செபம் சொல்வதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். "மரியம்மா வந்தனமு" என்று தெலுங்கில் தொடங்கி, முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

யாரும் வாய் திறக்கவில்லை. அவள் ஜனங்களும் பின்னால் பயந்து நின்றார்கள். பேண்டுக்காரர்கள் வாசிக்கலாமா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் மாதா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர் ஓரமாக மெழுகுவத்தி பிடித்து வந்த மாமனார் மறு பாதியைச் சொன்னார். கூட்டங்களில் பேசுவாரே, அதே கணீர்க் குரல், ஆனால் தெலுங்கில். அவள் அடுத்ததைத் தொடங்கினாள். அதற்கும் அவரே முடித்தார். மூன்றாவதற்குத் தெலுங்குக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு எங்கள் ஜனங்களிலும் சிலர். எனக்கு அப்போது தெலுங்கு தெரியாது, ஆமென் மட்டும் சொன்னேன். அதை என் வீட்டுக்காரர் பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர் தகப்பனாரிடம் கேட்டது ஒரே கேள்விதான். இப்படிச் செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

மாமனார் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா பாதி செபம் சொல்லிட்டு நின்னுக்கினு இருக்குது. மீதிய யார்னா சொல்லணும் இல்ல?"

அதோடு அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றது. கமிட்டி அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தது. நோட்டீசுகள் வேறு அச்சுக்கூடத்துக்குப் போயின. கதவில் தார் எழுத்து வந்தது. அவர் கொள்கையை மட்டும் விடவில்லை. நம்ம ஊர் தமிழோடுதான் சேர வேண்டும் என்று கடைசிவரை சொன்னார், கூட்டத்தில் சொல்லமுடியாததால் வந்தவர் போனவரிடம் சொன்னார். எல்லை தீர்ந்தபோது திருத்தணி சென்னைப் பக்கம் போனது, புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. என் தாய்வீடு வேறு மாநிலமாயிற்று. ஊரைத் தோற்கவைத்தது இவர் சொன்ன செபம்தான் என்று டீக்கடையில் ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். அவர் நேராகக் கோவிலுக்குப் போய் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். அப்படியும் இருக்குமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்ததா என்று நான் கேட்டதில்லை.

இப்போது பூசையே அவரவர் பாஷையில் நடக்கிறது. தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருகிறவர்களும் தெலுங்குப் பூசைக்கு உள்ளே போகிறவர்களும் வாசலில் குசலம் விசாரித்துக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், இதற்கா சண்டை என்கிறார்கள். அவர் இழந்தது எவ்வளவு என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? ஊருக்காக நின்றவர், ஊர் பார்க்க ஒரு பெண்ணுக்காகத் தன் கட்சியை விட்டு நகர்ந்தார். பொதுக்காரியத்தில் இருக்கும் விசுவாசி எங்கே நிற்க வேண்டும் என்று பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடைத்தெருதான் நினைவுக்கு வரும்.

எல்லை கைவிட்டுப் போன அந்த வருஷம், பள்ளியில் தமிழ் வகுப்பாவது வேண்டும் என்று மாமனார் அலைய ஆரம்பித்தார். பெற்றவர்கள் நேரில் வர வேண்டும் என்று சித்தூர் கல்வி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். எங்கள் மகளுக்குப் பள்ளியில் சேரும் வயது. நாங்கள் எல்லாரும் கிளம்பினோம். நேர் பஸ் தவறியதால் திருப்பதி போய் மாறினோம். மொட்டை அடித்த யாத்திரிகர்கள் நடுவே மாமனார் பக்கத்தில் இடம் இருந்தும் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே வந்தார். புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது மாமனார் வேர்க்கடலை வாங்கி, பேத்தி கையில் கொடுத்து மகனிடம் அனுப்பினார். அவர் வாங்கித் தின்றார், திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபீசில் மாமனார் பேச வாயெடுத்ததும் அதிகாரி கையை உயர்த்தினார். பிள்ளையைச் சேர்க்கிறவர் மட்டும் பேசட்டும், இந்தப் பெரியவருக்கு இதில் என்ன வேலை, வெளியே உட்காரச் சொல்லுங்கள் என்று தெலுங்கில் சொன்னார். மாமனார் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். என் வீட்டுக்காரர் தெலுங்கு பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஈயன மா நாயன," என்றார். "ஆயனே மாட்லாடதாரு."

இவர் எங்கள் அப்பா, இவர்தான் பேசுவார் என்று அர்த்தம். அதிகாரி நாற்காலியைக் காட்டினார். மாமனார் உட்கார்ந்தார். எத்தனையோ மேடையில் பேசியவர், துண்டை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.