சுடுவதற்கு ஒரே சொல்

என் தாய்மாமன் கப்பலில் சமையல்காரருக்கு உதவியாக இருந்தவர். ஒப்பந்தம் முடிந்து யாங்கோனுக்கு வரும்போதெல்லாம் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் வீட்டில்தான் தங்குவார். அவர் வந்துவிட்டால் கதைக்குப் பஞ்சமில்லை. பறக்கும் மீன் ஒன்று தன் காலடியில் வந்து விழுந்தது என்பார். மசாலா தடவிக்கொண்டு விழுந்ததா என்று அப்பா கேட்பார். எல்லோரும் சிரிப்போம், மாமா உட்பட.

ஒரு கதையை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலின் பின்தளத்தில், பாதியாக அறுத்த பீப்பாயில் கரி மூட்டி மீன் சுடுவார்களாம். ஒரு தடவை அந்த அடுப்பைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். பிலிப்பைன்ஸின் வடக்கிலிருந்து வந்த தலைமைச் சமையல்காரர், மடகாஸ்கர்காரர் ஒருவர், சமோவாத் தீவுக்காரர் ஒருவர். ஒருவர் தாய்மொழி மற்றவருக்குத் தெரியாது. சமையல்காரர் மீனைத் தணலில் வைத்துத் தன் பாஷையில் ‘துனோ’ என்றிருக்கிறார். மற்ற இருவரும் திகைத்துப்போய், எங்கள் ஊரிலும் சுடுவதற்கு அதுதான் சொல், ‘துனு’ என்போம் என்றார்களாம். மூன்று கடலுக்கும் ஒரே சொல் என்று சொல்லும்போது மாமாவின் குரலே தணிந்துவிடும்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொன்னேன். எங்கள் சயாமா, அதாவது டீச்சரம்மா, உலகப் படத்தின் முன்னால் என்னை நிறுத்தி, ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மடகாஸ்கரையும் இந்தப் பக்கம் பிலிப்பைன்ஸையும் தொட்டுக் காட்டச் சொன்னார். என் இரண்டு கையும் எட்டவில்லை. இவ்வளவு தூரத்துக்கு ஒரே சொல்லா, யாரோ உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்தது. அந்த அவமானத்தை நான் மாமாவின் மேல் வைத்துக்கொண்டேன்.

அந்த விடுமுறையில்தான் யாங்கோனுக்கு வடக்கே மாவ்பி என்ற ஊரில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்தவர் நாலு நாள் தரையில் நடக்கவில்லை. துனு கதையைக் கேட்டு அந்தப் பெண் சிரிக்கவில்லையாம். அந்த மூன்று பேருக்கும் முன்னோர் ஒருவராக இருப்பாரோ என்று கேட்டாளாம். வாழ்க்கையில் ஒருத்தியாவது கேட்டாளே என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்களிடம் க்ஷேமலாபம் மட்டும் பேசிவிட்டு, கேட்க வேண்டியதை அந்த வீட்டுக் குழந்தையிடம் கேட்பார்கள். குழந்தை பொய் சொல்லாது என்று எண்ணம். பெண்ணின் அத்தை என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், கன்னத்தைத் தடவி, மாமா குடிப்பாரா என்றார். இல்லை என்றேன். கோபம் வருமா என்றார். வராது என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அந்த அம்மாள் நான் சொல்வதை அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“ஆனா மாமா நெறைய பொய் சொல்லுவாரு. துனு கதைகூடப் பொய்தான். எங்க சயாமாவே சொன்னாங்க.”

அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தார். நல்லது செய்துவிட்ட பூரிப்பில் நான் முறுக்கு தின்னப் போனேன்.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். வாய் திறந்தால் பொய் என்று வீட்டுப் பிள்ளையே சொல்கிற மாப்பிள்ளைக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அத்தை கேட்டுவிட்டாராம். பெண்ணை யாரும் கேட்கவில்லை. மாமா மறுபடி கப்பலேறினார். அதற்குப் பிறகு அவருக்கு எந்த இடமும் அமையவில்லை, அவரும் தேடவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் தனியாகவே போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் என் மகள் போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தவள், அம்மா இதைப் பாரேன் என்று நீட்டினாள். பல ஆயிரம் வருடங்களுக்கு முன் தைவான் பக்கமிருந்து படகேறிய மனிதர்கள் தீவு தீவாகப் பரவினார்களாம். நெருப்பில் சுடுவதற்கு அவர்கள் வைத்திருந்த சொல், மடகாஸ்கர் முதல் பசிபிக் தீவுகள் வரை இன்றும் புழக்கத்தில் இருக்கிறதாம். கீழே வரிசையாக துனோ, துனு, துனு. மாவ்பிப் பெண் கேட்டதுகூடச் சரிதான். என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது அந்த மூன்றாம் நாள்தான். தரகர் படியிறங்கியதும் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு என் மேல் பாய்ந்தாள். மாமா எழுந்து குறுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவள அடிக்காதக்கா. அது நான் சும்மா விட்ட கதைதான். புள்ள உள்ளதத்தானே சொல்லிச்சு.”

நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டு, பார்த்தாயா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னதால்தான் அன்று அடியிலிருந்து தப்பித்தேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.