இரண்டாவது சுவிட்ச்

வெள்ளிக்கிழமை மாலை என் மகளின் பள்ளியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அது என்ன தாள் என்று பிறகு சொல்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது இதேபோல ஒரு தாளை என் அம்மாவின் முன்னாலும் வைத்தார்கள். முதலில் அதைச் சொல்லியாக வேண்டும்.

நன்னிலத்துக்கு அந்தப் பக்கம், பேருந்தை விட்டு இறங்கி வயலுக்கு நடுவே நடந்து போகும் தூரத்தில் எங்கள் பள்ளி. வெளிநாட்டில் இருந்த பழைய மாணவர் ஒருவர் அதற்கு ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார். அதற்காக ஒரு அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று பலகை மாட்டினார்கள். கணினிக்கு மெரூன் நிற வெல்வெட்டில் உறை தைத்தார்கள். எங்கள் பள்ளியில் திரையும் வெல்வெட்டும் வேறு எதற்கும் கிடையாது. பிறகு அறையைப் பூட்டிவிட்டார்கள்.

பத்து நாள் பயிற்சிக்குப் போய்வந்த கணக்கு சார் எங்களுக்குக் கணினிப் பாடம் எடுத்தார். எடுத்தது கரும்பலகையில். சதுரமாக ஒரு பெட்டி வரைந்து மானிட்டர் என்பார். அதன் கீழே படுத்த பெட்டி ஒன்று வரைந்து சிபியு என்பார். விசைப்பலகையை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். அதை மேசையில் விரித்து, சார் எழுத்தைச் சொல்லச் சொல்ல விரலால் அழுத்த வேண்டும். சத்தம் வராதில்லையா, அதனால் நாங்களே வாயால் 'டக் டக்' என்று சொல்லிக்கொள்வோம். அறுபது பேர் சேர்ந்து சொன்னால் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்ப்பார்.

ரெக்கார்டு நோட்டும் உண்டு. சார் சொல்லச் சொல்ல எழுதினோம்: 'நான் கணினியை இயக்கினேன். நோட்பேடைத் திறந்தேன். ஒரு வரி தட்டச்சு செய்தேன். அதைச் சேமித்தேன். கணினியை முறையாக நிறுத்தினேன்.' என் கையெழுத்து நன்றாக இருக்கும். சார் அடியில் சிவப்பு மையால் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடத்துக்கு வந்தேன்.

பக்கத்தில் உட்காருபவள் எட்டிப் பார்த்துவிட்டு, "மிக நன்றாம்! தொடாத சாமானுக்கு என்னாடி நன்று?" என்றாள்.

அவள் சிரித்துவிட்டு மறந்திருப்பாள். எனக்கு அது உள்ளே போய்க் குத்திக்கொண்டே இருந்தது. ஐந்து வாக்கியம், ஐந்தும் பொய், என் அழகான கையெழுத்தில். சாரிடம் ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பத்தாவதுக்கு வா, பாக்கலாம்" என்றார். பத்தாவது படிப்பவர்களிடம் பதினொன்றாவதைச் சொல்லியிருந்தார்.

அந்த அறை வருஷத்தில் ஒரு நாள் எல்லோருக்கும் திறந்திருக்கும். ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள். அன்று வெல்வெட்டை எடுத்துவிட்டு, கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துச் சூடம் காட்டுவார்கள். பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. பூஜை முடிந்ததும் எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்க மைதானத்துக்குப் போனார்கள். "விளக்கு அணையாம பாத்துக்க. உன் பங்கை நான் எடுத்துட்டு வரேன்" என்று சார் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

பூஜையில் வைத்த பொருளை விஜயதசமி வரை தொடக்கூடாது. அது எனக்குத் தெரியும். விளக்கு அணையவில்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு சிபியுவின் சுவிட்சை அழுத்தினேன், மானிட்டரின் சுவிட்சையும் அழுத்தினேன். கரும்பலகையில் சார் இரண்டு வட்டம் போட்டு இரண்டு சுவிட்ச் என்று எழுதியது அப்படியே மனத்தில் இருந்தது.

விசைப்பலகை ஜெராக்ஸ் தாளில் இருந்தது போலவே இருந்தது. சத்தம் மட்டும் அதிலிருந்தே வந்தது. சுட்டிதான் படுத்திவிட்டது. அம்புக்குறி பாதி தூரம் போவதற்குள் மேசை முடிந்துவிட்டது. சுட்டியைத் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று எந்தக் கரும்பலகையிலும் எழுதியிருக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ரிஜிஸ்தரை எடுத்து மேசை விளிம்போடு சேர்த்துப் பிடித்து, மேசையை நீளமாக்கி, அதன்மேல் சுட்டியை ஓட்டினேன். நோட்பேட் திறந்தது. தமிழ் வாக்கியத்தை ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினேன்: 'நான் கணினியை இயக்கினேன்.' மூன்றாவது வாக்கியம் வரை உண்மையாகிவிட்டது. நான்காவதைச் செய்யப் போவதற்குள் வராந்தாவில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சுவரில் இருந்த சுவிட்சைப் பட்டென்று அணைத்தேன். சார் சுண்டலோடு உள்ளே வந்தார். நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். விசைப்பலகையில் நான் தட்டிய எழுத்துகளில் எல்லாம் சிவப்பாகக் குங்குமம். சுவரின் சுவிட்சிலும் குங்குமம். தொட்டாயா என்று தலைமையாசிரியர் கேட்டார். தொட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "தொட்டதா நோட்டுல எழுதியிருக்கேனே சார்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவருக்கு அது திமிராகப் பட்டது.

"சுவிட்சப் போட்டா வெளிச்சமே வரலை. மெஷினே போயிடுச்சு சார்" என்றார் கணக்கு சார். போய் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவா என்றார்கள்.

சம்பா நடவு நேரம். அம்மா வயலில் இருந்தாள். வரப்பிலிருந்து கத்திச் சொன்னேன். கையிலிருந்த நாற்று முடியை அப்படியே சேற்றில் செருகிவிட்டு ஏறி வந்தாள். முழங்கால் வரை சேறு. எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் கால் கழுவிவிட்டுத்தான் படி மிதிப்பாள். அன்று பள்ளிக்கூடத்துக் குழாயைத் தாண்டி நடந்தாள். "கால் கழுவிட்டு வாம்மா" என்று மூன்று தடவை சொல்லி முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "இருக்கட்டும், வா" என்றாள். எல்லா வகுப்பு ஜன்னலிலும் தலைகள். எனக்கு டி.சி. கொடுப்பதைவிட அதுதான் அவமானமாக இருந்தது.

தலைமையாசிரியர் உட்காரச் சொல்லவில்லை. எழுதி வைத்திருந்த தாளை மேசையில் தள்ளினார்.

"பூஜையில வச்ச மெஷினக் கெடுத்து வச்சிருக்காம்மா உன் பொண்ணு. இதுல கையெழுத்துப் போடு. முடியாதுன்னா டி.சி.ய வாங்கிட்டுப் போ."

"என்னா எழுதியிருக்குங்க சார்?"

அம்மாவுக்குப் பெயரை எழுத மட்டும் தெரியும். கணக்கு சார் படித்துக் காட்டினார். 'என் மகள் கணினியைப் பழுதாக்கியது உண்மை, இனிமேல் அதில் எந்தப் பழுது ஏற்பட்டாலும் நானே பொறுப்பு' என்று இருந்தது. இதில் கையெழுத்துப் போடாவிட்டால் நான் பள்ளியில் இல்லை. அடுத்த உயர்நிலைப் பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். மறுநாளே நானும் நடவுக்கு இறங்க வேண்டியதுதான். அந்த வருஷம் எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் அப்படி இறங்கியிருந்தார்கள்.

அம்மா பேனாவைத் தொடவில்லை. "கெட்டுப்போனதக் கண்ணால பாத்துட்டுப் போடுறேங்க சார்" என்றாள்.

"உனக்கென்னம்மா தெரியும் அதப் பத்தி?"

"தெரியாதுங்க. அதாங்க பாக்கணுங்கிறேன்."

தலைமையாசிரியர் கணக்கு சாரைப் பார்த்தார். கணக்கு சார் சாவியைத் தேடினார். அறை வாசலில் நின்ற பியூன் பழக்கத்தில் பலகையைக் காட்டி, "செருப்பு, செருப்பு" என்றார். அம்மா குனிந்து தன் காலைப் பார்த்தாள். "நான் எங்கய்யா செருப்பு போட்டேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். வெள்ளையடித்த அறையின் தரையில் சேற்றுப் பாதங்கள் வரிசையாகப் பதிந்தன. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கணக்கு சார் மானிட்டரின் சுவிட்சை அழுத்தினார். மூலையில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. திரை இருட்டாகவே இருந்தது. "பாத்தியாம்மா? செத்துப்போச்சு."

அம்மா குனிந்து பார்த்தாள். இருட்டுத் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது.

"சார், கீழ இருக்குற பெட்டியவும் போடணும் சார்" என்றேன்.

"வாய மூடு."

"அவ சொல்றதத்தான் செஞ்சு பாருங்களேன் சார்" என்றாள் அம்மா. "செத்துப்போனதுக்கு இனிமே என்னா வந்துடப் போவுது?"

தலைமையாசிரியர் தாடையைச் சொறிந்தார். "எங்க, நீயே போடு" என்றார். போட்டேன். பெட்டிக்குள் விசிறி சுற்றியது. ஒரு 'பீப்' வந்தது. நீலத்திரை வந்து ஆங்கிலத்தில் ஏதோ எழுதியது. கணக்கு சாருக்கு உயிர் வந்துவிட்டது. "பாருங்க சார், கடைசியா ஒழுங்கா நிறுத்தலைன்னு அதுவே புகார் குடுக்குது!"

"நிறுத்தலைன்னுதானங்க சொல்லுது?" என்றாள் அம்மா. "கெடுத்துட்டான்னு சொல்லலையே?"

சற்று நேரத்தில் நீலம் போய், சின்னச் சின்னப் படங்களோடு திரை பளிச்சென்று நின்றது. "அட" என்றார் தலைமையாசிரியர். ஒன்றரை வருஷமாக அவர் சாவியை அலுவலகத்தில் வைத்திருந்தார். அது ஓடி அவர் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

உடனே சுதாரித்துக்கொண்டார். "கண்டதையும் எழுதி வச்சிருப்பா. அதக் காட்டச் சொல்லுங்க." நான் மறுபடி ரிஜிஸ்தரை விளிம்பில் பிடித்துக்கொண்டு நோட்பேடைத் திறந்தேன். நான் எழுதிய வரி அங்கே இருக்கும் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், அம்மாவுக்கு அதைக் காட்டப் போகிறோம் என்று உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பக்கம் வெறுமையாக இருந்தது. சேமிக்காதது எல்லாம் சுவரின் சுவிட்சோடு போய்விட்டிருந்தது.

"ஒண்ணுமே இல்லையேங்க சார், வெள்ளையால்ல கெடக்கு" என்றாள் அம்மா. "எழுதவும் இல்ல, கெடுக்கவும் இல்ல. எதுக்குங்க கையெழுத்து?"

"எழுதினேன்!" என்று கத்தினேன். "நான் எழுதினேம்மா! ஒரு வரி எழுதினேன்!"

அம்மா என் கையில் கிள்ளினாள். நடவு நடும் விரல். ஒரு வாரம் தடம் இருந்தது.

தலைமையாசிரியர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி சரி, போம்மா" என்றார். கணக்கு சார் சுவரின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். "அப்படி நிறுத்தக்கூடாது சார்!" என்று ஓடிப்போய் முறையாக நிறுத்தினேன். ரெக்கார்டு நோட்டின் ஐந்தாவது வாக்கியமும் உண்மையாயிற்று. நான்காவது மட்டும் பொய்யாகவே நின்றது. அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் அறை திறந்தது. உள்ளே போய் உட்கார வரிசையில் நின்றோம். சார் சுவிட்ச் போட என்னைக் கூப்பிடுவார்.

வயலுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதேன். நான் எழுதியதை இல்லை என்று சொல்லிவிட்டாள். என் வாழ்க்கையில் முதன்முதலாகத் தட்டிய வரி. "இருந்தா எடுத்துக் காட்டியிருப்பாங்கடி. விடு, நாத்து காயுது" என்று சொல்லி வேகமாக நடந்தாள். பல வருஷம் அவள்மேல் அந்தக் கோபம் எனக்கு இருந்தது. இன்று நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை சேமிக்கும் பழக்கம் அன்று வந்தது.

என் மகள் தஞ்சாவூரில் பதினொன்றாவது படிக்கிறாள். கணினிச் செய்முறை ரெக்கார்டில் பத்துப் பயிற்சி செய்ததாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். செய்தது மூன்று. 'மீதி ஏழையும் நான் எழுத மாட்டேன்' என்று வகுப்புக் குழுவில் செய்தி போட்டுவிட்டாள். இருபது பேர் கைதட்டல் படம் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை என்னை அழைத்து, குளிர்சாதன அறையில் உட்காரவைத்து, மேடம் என்று கூப்பிட்டு, "எல்லாத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கு" என்றார்கள். செய்முறை மதிப்பெண் போய்விடும் என்றார்கள். பிளஸ் டூ என்றார்கள். அச்சிட்ட தாள் ஒன்றை நகர்த்தினார்கள். கையெழுத்துப் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து வந்த மகள் மேரீஸ் கார்னர் திருப்பத்தில் என் தோளைத் தட்டினாள். கேட்டாள்: "அதுல என்னம்மா எழுதியிருந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு பட்டம் வாங்கியவள், ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

நாளை திங்கட்கிழமை. மணி அடிப்பதற்கு முன்னால் அங்கே போய் நிற்பேன். தாளைக் காட்டச் சொல்லுவேன். படித்துவிட்டு, அவர்கள் முன்னாலேயே அந்தக் கையெழுத்தை அடிப்பேன். செய்ததாகச் சொல்லும் பத்துப் பயிற்சியையும் திறந்து காட்டச் சொல்லுவேன். மதிப்பெண் போனால் போகட்டும்.

அன்று அந்தக் குழாயடியில் கால் கழுவிவிட்டு வரும்படி மூன்று தடவை அம்மாவிடம் சொன்னேன். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலுவலகப் படி ஏறினாள். நடவு வேலை, நேரமில்லை போலிருக்கிறது என்று இந்த வெள்ளிக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.