முதல் கையெழுத்து

தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தேழு வருஷமாக ஸ்டோர்கீப்பராக இருக்கும் சபாபதிக்கு 'நேர்மை சபாபதி' என்று பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. சொந்த மச்சினன் இரண்டு டின் வார்னிஷை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது கேட்டிலேயே மறித்து, தாமே போய் மேனேஜரிடம் சொன்னவர் அவர். மச்சினனுக்கு வேலை போயிற்று. மனைவி லெட்சுமி எட்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சபாபதி அந்தச் சோற்றை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். என்னைக் கேட்டால், அந்த மனுஷருக்குத் தம் நேர்மையின் மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஆசை இருந்தது.

வேலையும் வீடும் போக, அவருக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் தென்கிள்ளான் நாடக மன்றம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் பரமேஸ்வரன். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள் ஜொகூரில். எல்லாருக்கும் அவர் பரமேஸ்வரன் அண்ணன். சபாபதிக்கு மட்டும் பரமு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கோவில் திருவிழா மேடையில் வசனத்தை மறந்து திருதிருவென்று விழித்த சபாபதியைப் பக்கத்தில் நின்று காப்பாற்றியவர் பரமு. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

இருவருக்கும் பேர் வாங்கிக் கொடுத்தது பரமு எழுதிய ரோமாபுரி நாடகம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் மேடையேறியது. போரில் வென்று திரும்பும் தளபதி செர்வியனுக்கு முடிசூடும் ஆசை வருகிறது. அவனைத் தீர்த்துக்கட்ட நினைக்கும் கூட்டம், 'நாட்டுக்காக' என்று சொல்லி அவனுடைய உயிர்த் தோழன் குயிந்தனையே தன் பக்கம் இழுக்கிறது. பரமு தளபதி, சபாபதி தோழன். கவசமெல்லாம் ஸ்டோரில் கழித்துப்போட்ட பிளைவுட்டில் செய்தது; அதற்கும் சபாபதி மேனேஜரிடம் அனுமதிக் கடிதம் வாங்கியிருந்தார். நாடகம் முடிந்து வெளியே வந்தவரை ஒரு ஆன்டி வாசலில் பிடித்துக்கொண்டு, "கூடவே இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே, மனசாட்சி இல்லையா?" என்று திட்டியே விட்டார். சபாபதிக்கு அன்று தலைகால் புரியவில்லை.

"கெட்டவன் குத்தினா அது பேப்பர்ல வர்ற செய்தி. நல்லவன் குத்தினாத்தான்டா நாடகம்," என்பார் பரமு. மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரே டீ ஆறிப்போகும்வரை இருவரும் இதைப் பேசியிருக்கிறார்கள். குயிந்தன் செய்தது சரி என்று சபாபதி வாதாடுவார். நாடு பெரிசா, நண்பன் பெரிசா என்று மேசையைத் தட்டுவார். பரமு சிரித்துக்கொண்டே இன்னொரு ரொட்டி சானாய் சொல்லுவார்.

அந்தப் பரமுதான் மெல்ல மெல்ல மாறிப்போனார். வயது ஏற ஏற, தான் சொன்னதே வேதம் என்றாகிவிட்டது. போன வருஷப் பொதுக்கூட்டத்தில் தம்மை மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர் ஆக்கிக்கொண்டார். அதை வழிமொழிந்தவர் வேறு யார், நம் சபாபதிதான். வழிமொழிந்த கை இறங்குவதற்குள் அவருக்குள் ஏதோ உறுத்தியது. ஆறு மாதம் கழித்து விஷ்ணுப்ரியா என்ற பெண் தான் எழுதிய நாடகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பரமு நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சரி," என்று எல்லார் முன்னாலும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு போனவள், பிறகு மாடி ஏறவே இல்லை. தப்புடா பரமு என்று சபாபதி மூன்று முறை சொல்லிப் பார்த்தார். பரமு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஜெயராஜ். நாற்பது வயது, காப்புறுதி முகவர், பேச்சில் தேன் ஒழுகும். ஒரு சாயங்காலம் சபாபதியை மாமாக் கடைக்கு அழைத்து, ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். 'தலைவர் பதவி தொடர்பாகச் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டக் கோருகிறோம்' என்று ஒரே வரி. கீழே இருபத்தைந்து கோடுகள், எல்லாம் காலி.

"அண்ணே, அவரை அவமானப்படுத்துற எண்ணம் எங்களுக்கு இல்ல. அந்த ஆயுட்காலத்தைப் பேசி எடுத்துட்டா போதும் லா. அவரும் கௌரவமா எறங்கிடலாம்."

"நான் அவன்கிட்ட இன்னொரு வாட்டி பேசிப் பார்க்கிறேனே."

"நீங்க பேசாததா? கேட்டாரா?" ஜெயராஜ் பேனாவைத் திறந்து அவர் பக்கம் வைத்தார். "என் பேரு மேல இருந்தா பொறாமைன்னு சொல்லுவாங்க. உங்க பேரு மேல இருந்தா நேர்மைன்னு சொல்லுவாங்க. உங்க கையெழுத்தைப் பார்த்துத்தான் அண்ணே மத்தவங்க போடுவாங்க."

அங்கேதான் மனுஷர் விழுந்தார். அந்த வரியை இரண்டு முறை படித்தார். 'தொடர்பாக' என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. விஷ்ணுப்ரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனதை நினைத்துக்கொண்டு முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டார். போட்டதும் மனசு லேசாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் லெட்சுமியிடம், மன்றத்துக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்றார்.

ஒரே வாரத்தில் இருபத்திரண்டு கையெழுத்து சேர்ந்துவிட்டது. செயலாளர் சுகுமாறன் விதிப்படி பதினான்கு நாள் அவகாசம் கொடுத்து வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டார். ஸ்டோரில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி சபாபதி அதைப் படித்தார். 'தலைவர் பரமேஸ்வரனை உடனடியாகப் பொறுப்பிலிருந்து நீக்கும் தீர்மானம். கோரிக்கையில் கையெழுத்திட்டோர் பெயர்கள் கூட்டத்தில் வரிசைப்படி வாசிக்கப்படும்.'

உடனே ஜெயராஜைக் கூப்பிட்டார். "நீக்குறதுன்னு நீ சொல்லவே இல்லையே!"

"பதவி தொடர்பான்னா வேற என்னண்ணே அர்த்தம்? நீங்க படிச்சிட்டுத்தானே போட்டீங்க?"

சுகுமாறனைக் கூப்பிட்டார். "என் பேரை மட்டும் அடிச்சிடு தம்பி."

"கடிதம் கைக்கு வந்துட்டா திரும்ப எடுக்க விதியில எடமில்லண்ணே. அந்த விதியே பரமேஸ்வரன் அண்ணன் எழுதினதுதான். போடுறவன் பொறுப்பாப் போடணும்னு."

ஆக, பதினான்கு நாள் இருந்தது. யாரோ ஒருவர் வாசித்துப் பரமு கேட்பதற்கு முன்னால், தாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். சபாபதிக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பரமு நாலு அறை அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார்.

சனிக்கிழமை காலையில் பரமுவின் தாமான் குடியிருப்பு வீட்டுக்குப் போனார். பரமு கைலியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி.

"வாடா. பார்த்தியா நோட்டீஸை? இருபத்திரண்டு பேராம். யாரு யாருன்னு அந்த சுகுமாறன் வாயைத் தொறக்க மாட்டேங்கிறான்."

"பரமு, அது வந்து..."

"விடு. யாரு வேணா போட்டுட்டுப் போகட்டும். நீ போடலல்ல, எனக்கு அது போதும்." சொல்லிக்கொண்டே உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். "இதப் பாரு. மன்றத்துக்கு முப்பதாவது வருஷம் வருதில்ல? ரோமாபுரியைத் திரும்பப் போடப்போறேன். இந்தத் தடவை நீதான் தளபதி. நான் தோழன். முப்பது வருஷமா என் பக்கத்துலயே நின்னுட்டே, ஒரு வாட்டி நடுவுல நில்லுடா."

சபாபதி ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தளபதியின் வசனங்களுக்குப் பக்கத்திலெல்லாம் 'சபா' என்று பென்சிலில் எழுதியிருந்தது. இரண்டு முறை வாயைத் திறந்தார். ஒரு முறை பரமு காப்பி கொண்டுவந்தார். மறுமுறை மகள் ஜொகூரிலிருந்து கூப்பிட்டாள். இவை சாக்கு என்று சபாபதிக்கே தெரியும். சொல்ல நினைத்தவன் காப்பியைத் தட்டிவிட்டாவது சொல்லியிருப்பான். மச்சினனைக் காட்டிக்கொடுக்க வந்த தைரியம், தம்மைக் காட்டிக்கொடுக்க வரவில்லை. ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் போனில் சொல்லலாம் என்று பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. லெட்சுமி ஒரு நாள் பொறுக்க முடியாமல், "எங்க தம்பின்னா மட்டும் ஓடிப்போயி சொன்னீங்க," என்றாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. பரமுவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவரைக் காரில் அழைத்துவருவது சபாபதிதான், அன்றும் அவர்தான் அழைத்துவந்தார். வழியில் சொல்லிவிடலாம் என்றிருந்தார். பரமுவோ பத்துமலையில் மகளோடு எடுத்த பழைய படம் ஒன்று கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். டயர் கடை வந்துவிட்டது.

மேலே முப்பத்தேழு பேர் இருந்தார்கள். பரமுவும் சபாபதியும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுகுமாறன் எழுந்து கடிதத்தைப் பிரித்தார்.

"முதல் கையெழுத்து, சபாபதி ஆறுமுகம்."

பரமு தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "நம்ம மன்றத்துல இன்னொரு சபாபதி இருக்காரா?" என்று சுகுமாறனிடம் கேட்டார். கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"இல்லண்ணே."

பக்கத்தில் பரமுவின் முழங்கை சபாபதியின் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது மெதுவாக விலகியது. மற்ற இருபத்தொரு பெயர்களும் சபாபதியின் காதில் விழவில்லை. வாசித்து முடித்ததும் அவர் எழுந்து நின்றார்.

"இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன். பரமு இல்லாட்டி இந்த மன்றம் இல்ல. அவன் செஞ்ச தப்பை அவன்கிட்ட பேசிக்கலாம். இப்படித் தூக்கி வெளிய போடக்கூடாது."

ஜெயராஜ் உட்கார்ந்த இடத்திலிருந்தே பணிவாகக் கேட்டார். "அண்ணே, அது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"யாராவது ஏமாத்தி வாங்கினாங்களா?"

ஏமாற்றினார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கூட்டம் திசை மாறிவிடும். ஆனால் இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டது அவருக்குத் தெரியும். பாழாய்ப்போன நேர்மை அந்த நேரத்தில்தான் தலையைத் தூக்கியது. "இல்ல," என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார்.

ஆனாலும் அவர் பேச்சு மூன்று பேரை அசைத்திருந்தது. ஆதரிப்போர் கை தூக்கச் சொன்னபோது சுகுமாறன் இரண்டு முறை எண்ணிப் பதினெட்டு என்றார். எதிர்ப்போர் என்றபோது சபாபதியின் கை கூரையைத் தொடுவதுபோல் எழுந்தது. அதுவும் பதினெட்டு. சபாபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சரிசமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாகத்தான் கணக்கு.

"ரெண்டு பக்கமும் சமம். விதிப்படி இந்தத் தீர்மானம்..." என்று ஆரம்பித்தார் சுகுமாறன்.

"இரு தம்பி," என்றார் பரமு. "நான் இன்னும் ஓட்டுப் போடல."

"நீங்க எதிர்ப்புலதானே அண்ணே? எழுதிக்கிறேன்."

பரமு எழுந்து நின்று வலது கையைத் தூக்கினார். "ஆதரவுல எழுதிக்கோ."

ஜெயராஜே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அண்ணே, இது உங்களை நீக்குற தீர்மானம்," என்றார் சுகுமாறன் தயங்கித் தயங்கி.

"தெரியும் லா. சபா கேட்டு நான் எதையும் இல்லேன்னு சொன்னதில்ல."

பத்தொன்பதுக்குப் பதினெட்டு. சபாபதி அவர் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார், "வேணாம்டா, வேணாம்டா," என்று குழறினார். சுகுமாறன் எழுதி முடிக்கும்வரை பரமு கையை இறக்கவில்லை. பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கைப்பிடியைத் தடவித் தடவி மாடிப்படி இறங்கினார்.

திரும்பிப் போகவும் அதே கார்தான். பரமு பின்சீட்டுக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வெயிலில் கண் கூசியது. சாலை முழுக்க லோரிகள் நகராமல் நின்றன. கண்ணாடியில் பார்த்தால் பரமு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"பரமு, நான் வந்து சொல்லணும்னுதான்..."

"பச்சை விழுந்துடுச்சு. போ."

சபாபதி ஓட்டினார். திட்டு வாங்க வேண்டும் என்று ஒரு மனுஷர் இவ்வளவு ஏங்கி நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு வசவு வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது பேசியிருப்பார்.

வீட்டு வாசலில் பரமு இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, முன்ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். குரலில் கோபம் இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழமை கார் எடுத்துக்கிட்டு வந்து நின்னுடாதே, சபா. எனக்குப் போற எடம் ஒண்ணும் இல்ல."

சபாபதி சரி என்றார்.