பண்ணைப்புரத்து அண்ணனின் பம்பிங்

எக்கோ எடுக்கிறவளுக்கு முதலில் வேண்டியது படிப்பல்ல, கல் மாதிரி ஒரு முகம். தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரின் இருட்டறையில் உட்கார்ந்து ஊரார் நெஞ்சைப் படம் பிடிக்கிறேன். முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் வாய் திறக்கக் கூடாது. படுத்திருப்பவரோ திரையை விட்டுவிட்டு என் புருவத்தையே பார்ப்பார். என்னைப் போல் மாட்டிக்கொண்ட சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா?

மோட்டார்

ராசாங்கம் அண்ணன் பண்ணைப்புரத்தில் தென்னை விவசாயி. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தார். மனைவி பாண்டியம்மா மதினி தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க முன்வந்து, பொருத்தமெல்லாம் பார்த்தாகிவிட்டது. மதுரையில் ஆபரேஷன். அதை இவர் இதயம் தாங்குமா என்று பார்க்கத்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்கள்.

திரையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. இதயம் வீங்கித் தளர்ந்து கிடந்தது. பம்பிங் சாதாரண ஆளுக்கு இருப்பதில் பாதிதான். முகத்தை இறுக்கிக்கொண்டேன். ஜெல்லைத் துடைத்தபடி அண்ணன் சொன்னார்: "ஏந்தாயி, நீ மொறைக்கிறதப் பாத்தா என் மோட்டார்ல காயில் எரிஞ்சு போச்சுன்னுல்ல தெரியுது!"

கூட்டாளி

"மொதல்ல இவுக நெஞ்சச் சரி பண்ணுங்க சார்" என்று இதய டாக்டரிடம் மதினி அழுதுவிட்டார். ரத்தக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லை என்றார் டாக்டர். கழிவும் நீரும் உடம்பில் தேங்கி, பிரஷரும் ஏறி, அத்தனை பாரத்தையும் இழுத்துத்தான் இதயம் களைத்திருக்கிறது. சிறுநீரகம் மாறினால் பலருக்கு இதயமும் தேறிவிடும், எல்லோருக்கும் தேறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. டயாலிசிஸில் நீரை நன்றாக இறக்கிவிட்டு இன்னொரு எக்கோ எடுக்கலாம், அதைப் பார்த்து மதுரையில் முடிவு செய்வார்கள் என்றார்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நெஞ்சு நல்ல நெஞ்சுதான் சார், சேந்த கூட்டாளிதான் சரியில்ல."

குச்சனூர்

அடுத்த எக்கோ திங்கட்கிழமை. அண்ணன் மூச்சிரைக்க, கால் வீங்கி வந்து சேர்ந்தார். பம்பிங் முன்னைவிட மோசம். துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. எக்கோ நன்றாக வர வேண்டும் என்று சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயிருக்கிறார், அன்றைக்குச் செய்ய வேண்டிய டயாலிசிஸை விட்டுவிட்டு! வீட்டில் டயாலிசிஸுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில், வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது. திட்டிக்கொண்டே டயாலிசிஸுக்கு அனுப்பி வைத்தேன். வீல்சேரைத் தள்ளியபடி மதினி சொன்னார்: "அவரு பாட்டுக்குப் போய்க்கிட்டிருந்த சனீஸ்வரன, இவுக எள்ளு வெளக்கு ஏத்தி வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாக."

பாட்டில்

ஒழுங்காக நீரை இறக்கிய பிறகு எடுத்த எக்கோ கொஞ்சம் பரவாயில்லை. மதுரை டாக்டர்கள் துணிந்து சம்மதித்தார்கள். ஆபரேஷன் நாளன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இருவரும் நலம் என்று சாயங்காலம் போன் வந்த பிறகுதான் சாப்பிட்டேன்.

சில மாதம் கழித்து வந்தார்கள். அண்ணன் கையில் பெரிய தண்ணீர் பாட்டில். முன்பு ஒரு மடக்குக்கு மேல் விடாமல் காவல் காத்த மதினியே இப்போது குடி குடி என்று விரட்டிக்கொண்டிருந்தார். படம் எடுத்தேன். வீக்கம் வற்றி, இதயம் சும்மா ஜம்மென்று அடித்துக்கொண்டிருந்தது. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே அளவு! சத்தமாகச் சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வேறு.

"நான் அன்னைக்கு ஏத்துன வெளக்கு வீண் போகல தாயி" என்று அண்ணன் ஆரம்பித்தார். மதினி பாட்டிலைத் திறந்து நீட்டினார். "ஒத்தக் கிட்னியக் குடுத்து இவுக நெஞ்சையும் சேத்து ஓட வச்சவ நானு, பேரு வெளக்குக்காம்! பேசாமத் தண்ணியக் குடிங்க."

அண்ணன் மறுபேச்சில்லாமல் பாட்டிலைக் காலி செய்ததைப் பார்த்தபோது, மனைவியின் சிறுநீரகம் இதயத்தோடு வாயையும் சேர்த்துச் சரிசெய்யும் என்பதை ஏன் எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.