எவ்வகை நெருப்பும் கூடாது

எங்கள் குடியிருப்பு நகரின் நுழைவாயிலில் நீலத் தகரப் பலகை ஒன்று நிற்கிறது. திருவிடந்தையிலிருந்து வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "அந்தப் பலகைக்கு அடுத்த தெரு" என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அதில் நெருப்பைப் பற்றி ஏழு விதிகள் இருக்கின்றன. ஏழையும் எழுதியவன் நான். எழுத வைத்தது என் கோபம்.

முப்பது வருஷம் செங்கல்பட்டில் எழுதுபொருள் கடை வைத்திருந்தேன். ரப்பர் ஸ்டாம்பும் செய்து கொடுத்தேன். ஊரிலிருப்பவர்களுக்கெல்லாம் முத்திரை செய்து கொடுத்தவன் தனக்கென்று ஒன்று கிடைத்தால் சும்மா இருப்பானா? கடையை மகனிடம் விட்டுவிட்டு இங்கே குடிவந்த மறு வருஷமே நலச்சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டார்கள். அன்று சாயங்காலமே 'செயலாளர்' என்று வட்ட முத்திரை தயார். பால்காரருக்கு வைக்கும் சீட்டில்கூட அதைக் குத்துகிறேன் என்று என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரே ஒரு தடவைதான் குத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் லாரி வைத்திருப்பவர். அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டைச் சுற்றி எட்டுத் தென்னை வளர்த்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் காய்ந்த மட்டை, ஓலை, பாளை எல்லாவற்றையும் பின்பக்கம் குவித்துக் கொளுத்துவார். கடல் காற்று எந்தத் திசையில் அடித்தாலும் புகை என் வீட்டுக்குத்தான் வரும். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெருநாளுக்காக நீலம் போட்டுக் காயவைத்த என் வெள்ளை ஜிப்பாவில் ஒரு நாள் கரித்தூள் வந்து விழுந்தது. சுவர் வழியாகக் கேட்டேன்.

"தட்னா பூடும் பாய்" என்றார்.

தட்டினேன். முன்பக்கம் முழுக்கப் பரவிவிட்டது.

அதோடு விட்டிருப்பேன். அடுத்த வாரம் அவருடைய தீயிலிருந்து ஒரு பொறி பறந்து காலி மனையின் காய்ந்த புல்லைப் பிடித்துக்கொண்டது. தெருவே குடத்தோடு ஓடி அணைத்தது. அதே மாதம் பார்த்து, குப்பையைத் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று ஊராட்சியிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். எனக்கு அது போதாதா? அவர்கள் ஒரு வரியில் சொன்னதை நான் ஏழு விதிகளாக்கினேன். நாலாவது விதியில் 'எவ்வகை நெருப்பும் கூடாது' என்று எழுதியபோது எனக்கே மெய் சிலிர்த்தது. ஆறாவது விதி, செயலாளர் உட்பட எவருக்கும் விலக்கில்லை. அது என் நேர்மையைக் காட்டுவதற்காக. ஏழாவது, வீட்டு விசேஷம் என்றால் ஏழு நாள் முன்னதாகச் செயலாளருக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அதில் பக்கத்து வீட்டாரின் சம்மதக் கையெழுத்து இருக்க வேண்டும். மீறுகிறவரின் வீட்டு எண்ணைப் பலகைக்குக் கீழேயுள்ள கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவோம். ஒரு வாரம் அது அங்கேயே இருக்கும்.

அவர் வீட்டு எண்ணை இரண்டு தடவை எழுதினேன். இரண்டாம் தடவை கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எரிக்கவில்லை, என்னோடு பேசவும் இல்லை. மட்டையும் கொட்டாங்குச்சியும் எங்கள் நடுச்சுவரையொட்டி ஆளுயரத்துக்கு ஏறின. 'பாம்பு அடையும், பார்க்கவும் சகிக்கவில்லை, மூடி வைக்கவும்' என்று முத்திரை குத்தி ஒரு கடிதம் கொடுத்தேன். மறுநாளே லாரித் தார்ப்பாய் ஒன்றைப் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு இழுத்து, சரக்கு ஏற்றிய வண்டியைக் கட்டுவதுபோல் கட்டிவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

போன மழைக்காலத்தில் என் மகளுக்கு நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளை வீடு மதுராந்தகம். அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் மாப்பிள்ளை விருந்து, நூறு பேர். வெள்ளிக்கிழமை காலை மகள் போன் செய்தாள்.

"அத்தா, இவங்க ஊரு பிரியாணி மாதிரி எங்கயும் வராதுன்னு மாமி சொல்லிக்கினு இருந்தாங்க. நான் வாய வெச்சிக்கினு சும்மா இருக்காம, எங்க வூட்டுக்கு வந்து சாப்ட்டுப் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

"சொன்னா இன்னாம்மா? நம்ம மாஸ்டர்தான வராரு."

"எல்லாரும் சிரிச்சாங்கத்தா. நான் வந்து ஒரு வாரம்கூட ஆவல. ஞாயித்துக்கிழமை சொதப்பிச்சுன்னா இந்த வூட்ல இனிமே நான் எதுக்கும் வாயத் தொறக்க முடியாது."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போனை வைத்த கையோடு மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

அன்று மத்தியானம் பிரியாணி மாஸ்டர் இடம் பார்க்க வந்தார். வீட்டுக்குப் பின்னால் போய்க் காலடியால் அளந்து, அடுப்புக்குக் கல் எங்கே வைப்பது என்று காட்டினார். கேஸ் அடுப்பில் செய்துவிடலாமே என்றேன்.

"கேஸ்ல டீ போடலாம் பாய். அடியில சவுக்குக் கட்டை எரியணும், மூடி மேல கங்கு அள்ளிக் கொட்டணும். அதான் தம்மு. இல்லன்னா அது கறி போட்ட சோறு."

வேறெங்காவது ஆக்கிப் பிரியாணி அண்டாவை வண்டியில் கொண்டுவந்தால்?

"ரோட்ல இருக்குற ஸ்பீட் பிரேக்கருக்கு தேக்சா குதிச்சு குதிச்சு வந்து சேர்றதுக்குள்ள அரிசி களியாயிடும். அப்புறம் என்னிய திட்டக் கூடாது."

என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "எவ்வகை நெருப்பும்" என்றாள். அதற்கு மேல் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

உட்கார்ந்து எனக்கு நானே விண்ணப்பம் எழுதினேன். அனுப்புநரும் நான், பெறுநரும் நான். முத்திரையைக் குத்தி எடுத்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாகப் பேசாத மனிதரின் கேட்டைத் திறந்தேன். அவர் தென்னையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய், பாம்பு வந்துச்சா?"

விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டி, முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார்.

"ஏழு நாளு முன்னாடி குடுக்கணும்னு போர்டுல போட்டுகீதே."

"ரெண்டு நாள்தான் இருக்கு அண்ணாத்த."

"அப்ப கஷ்டந்தான். ரூல்ஸ் யார் எழுதுனதோ அவராண்டதான் கேக்கணும்."

இதற்குள் அவர் மனைவி வெளியே வந்துவிட்டார். "பாப்பாவுக்கு விருந்தா? எனக்கு ஸ்கூட்டி ஓட்டக் கத்துக்குட்த பொண்ணு அது. கல்யாணத்துக்கும் சொல்லல, இதுக்கும் சொல்லல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரு கரித்தூளுக்காக அந்த அம்மாவை அழைக்காமல் விட்டிருக்கிறேன். "சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

லாரிக்காரர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். "பத்திரிகைக்கு ஸ்டாம்பெல்லாம் குத்தி எட்தாந்துகீற."

கையெழுத்துப் போடவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார். சனிக்கிழமை முழுக்கச் சுவர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் சவுக்குக் கட்டை வந்து இறங்கியது, பின்னாலேயே மழையும் வந்தது. நான் ஓடிப்போய்ப் போர்த்திய படுதாவில் ஓட்டைகள் இருந்தது காலையில்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. என் விதியை நானே மீறி அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னேன். கட்டை எரியவில்லை, புகைந்தது. அப்படியொரு புகையை அந்த லாரிக்காரர் இரண்டு வருஷம் எரித்தும் கிளப்பியதில்லை. நகரின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. 'செயலாளர் உடனே நடவடிக்கை எடுக்கவும்' என்று ஒருவர். கீழே நாலு பேர் கைகூப்பியிருந்தார்கள். செயலாளர் கண்ணில் நீர் வழிய முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு மாஸ்டர் முழங்கையால் முகத்தைத் துடைத்தார். "பாய், எப்பிடியாவது கறிய வேக வெச்சிடுவேன். ஆனா இந்த ஈரக் கட்டையில கங்கு வுழாது. தம்முக்கு நான் எங்க போவேன்?"

மகள் இந்நேரம் காரில் ஏறியிருப்பாள். மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுப் பிரியாணியைப் பற்றி இன்னும் ஏதாவது பேசிக்கொண்டு வருவாள். அதை நினைத்ததும் முறத்தை இன்னும் வேகமாக விசிறினேன்.

அப்போது சுவருக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் தெரிந்தார். தன் குவியலின் மீது ஏறி நின்றிருந்தார்.

"இன்னா பாய், ஊரையே கொசு வெரட்றியா?"

"கட்டை நனைஞ்சிடுச்சு அண்ணாத்த."

அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாயின் ஓரத்தை விலக்கி ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துச் சுவரில் தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. "ஒரு சொட்டு எறங்கல. மூடி வெக்கச் சொல்லி லெட்டர் குட்தியே, அதான்."

மூட்டை மூட்டையாகச் சுவருக்கு மேல் வந்து விழுந்தது. முதலில் மட்டை, பிறகு பாளை, பிறகு கொட்டாங்குச்சி. கடைசியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே குதித்தார். கால் மணி நேரத்தில் அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. சவுக்குக் கட்டையும் காய்ந்து பிடித்துக்கொண்டது. மாஸ்டர் தேக்சாவின் வாயை மாவு வைத்து அடைத்ததும், கொட்டாங்குச்சிக் கங்கை மண்வெட்டியில் அள்ளி மூடிமேல் பரப்பியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். நான் சும்மா பக்கத்தில் நின்று, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குப் பந்தி உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு அம்மாவை என் மனைவி கையைப் பிடித்து இழுத்துப்போய் மகளுக்கு எதிரில் உட்கார வைத்தாள். சம்பந்தியம்மா முதல் கவளத்தை மென்றார். இரண்டாவது, மூன்றாவது. தட்டு காலியானதும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் வையிப்பா. அடியில இருந்து எடு" என்றார். மகள் தலையை நிமிர்த்தி என்னைத் தேடிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகக் கரும்பலகை முழுக்க என் வீட்டு எண்ணை எழுதவும் நான் தயாராக இருந்தேன்.

நான்கு மணிக்கு அவர்கள் கிளம்பும் நேரத்தில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு நுழைவாயிலுக்குப் போனேன். விதி ஆறு என்று ஒன்று இருக்கிறதே. அங்கே எனக்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். கரும்பலகையில் என் வீட்டு எண் இருந்தது. அதுவும் பெரிதாக இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. செய்த உதவிக்கு இப்படியா காட்ட வேண்டும்? வாயைத் திறப்பதற்குள், அதற்கு நேர் கீழே அதே அளவில் தன் வீட்டு எண்ணையும் எழுதினார்.

"இது இன்னாத்துக்கு?" என்றேன்.

"கட்டை உன்னுது. கொட்டாங்குச்சி என்னுது." சட்டைப்பையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "இது செல்லாது பாய். ஏழு நாள் இல்ல."

மாப்பிள்ளை வீட்டுக் கார் எங்கள் பக்கத்தில் வந்து மெதுவானது. சம்பந்தியம்மா கண்ணாடியை இறக்கிக் கரும்பலகையைப் பார்த்தார்.

"இது இன்னாம்மா, ரெண்டு நம்பர் எழுதிகீது?"

என் மகளுக்கு அந்த ஏழு விதிகளும் மனப்பாடம். பலகையைப் பார்த்தாள், எங்கள் இருவர் கையிலுமிருந்த சாக்பீஸைப் பார்த்தாள்.

"விருந்து போட்ட வூடுங்க மாமி" என்றாள். "ரெண்டு வூடும் சேந்துதான் போட்டாங்க."

மூன்றாம் நாள் மழையில் இரண்டு எண்ணும் கரைந்துவிட்டன. குடையைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டையும் மறுபடி எழுதிவிட்டு வந்தேன். வாரம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.