கிறீச்சிடும் நாற்காலி

பக்கவாதத்தில் பேச்சு குழறிய அப்பாவின் குரலைக் கணினிக்குப் புரியவைக்க, ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு ஓர் ஆராய்ச்சியாளர் வருவார். நரைத்த பின்னல், கழுத்தில் ஹெட்போன். நாற்காலி கிறீச்சிடுவது பதிவில் விழுந்துவிடும் என்று அந்த அம்மா உட்காரவே மாட்டார். நின்றபடியே மைக்கைப் பிடித்திருப்பார்.

ஒருநாள் வந்ததும் அப்பாவிடம், "ஐயா, நீங்க வார்த்தை தேடுற நேரத்தையெல்லாம் வெத்து இடம்னு பதிவுலருந்து வெட்டிப்புட்டேன். தப்பு எம்மேலதான். மறுபடி பேசுறீங்களா?" என்றார்.

அப்பா வாய் திறந்தார். வழக்கம்போல நான் வார்த்தையை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"பொறுங்கண்ணே, அவரே சொல்லட்டும்" என்று என்னைத் தடுத்தார் அந்த அம்மா.

காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கத் தெரிந்த ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"உக்...காரு...ம்மா" என்றார் அப்பா.

அந்த அம்மா உட்கார்ந்தார். நாற்காலி பலமாகக் கிறீச்சிட்டது.

"இந்தச் சத்தமும் பதிவுல அப்பிடியே இருக்கட்டும்ணே" என்றார்.