வண்டல் சேராத ஏரி

என் மனைவி கால் உடைந்து வீட்டில் இருந்த ஆறு வாரங்களில்தான் எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது, ஒரு தடவை இரண்டு நாள் முழுக்கப் பேசாமல்கூட இருந்திருக்கிறோம். பொறாமை வந்ததில்லை. கட்டிய மனைவியைப் பார்த்து வயிறெரிய என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். கரையில் மயில் வேண்டுமா, யாளி வேண்டுமா, முந்தியில் கோபுரம் வேண்டுமா, எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. வேலை முடிந்து பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் இன்னொரு கம்ப்யூட்டர். அதில் ஓர் ஆட்டம். சுட்டுக்கொண்டே ஓடுகிற ஆட்டம் இல்லை. பழைய தென்னிந்தியாவின் வரைபடம் திரை முழுக்க விரிந்திருக்கும். பல்லவர், சாளுக்கியர், பாண்டியர், நடுவில் சின்னச் சின்னச் சிற்றரசுகள். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு முந்நூறு வருஷம் ஆள வேண்டும். வரி போடலாம், கோயில் கட்டலாம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம், படை அனுப்பலாம். ஓர் ஆட்டம் முடிய நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

நான் எப்போதும் பல்லவன்தான். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு சாளுக்கியனாக ஆட எனக்கு மனசு வராது.

என்னோடு ஆடுகிறவர்கள் எட்டுப் பேர். சென்னை, கோயம்புத்தூர், கொழும்பு, டொரண்டோ என்று ஆளுக்கொரு ஊர். யாரையும் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். அவர்கள் என்னை 'வாத்தியார்' என்று கூப்பிடுவார்கள். எந்த ஊரை முதலில் பிடிப்பது, எந்த வருஷம் சண்டையை ஆரம்பிப்பது என்று என்னைத்தான் கேட்பார்கள். வேலை செய்யும் இடத்தில் யாரும் என்னை அப்படி ஒரு மரியாதையோடு கேட்டதில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு கோளாறு இருந்தது. யார் ஆடினாலும் பல்லவர்தான் ஜெயித்தார்கள். நூறு வருஷத்துக்குள் முடிவு தெரிந்துவிடும், மிச்சம் இருநூறு வருஷமும் கொட்டாவிதான். காரணம் யானைப்படை என்பது என் கட்சி. யானைக்கு ஆகும் செலவை ரொம்பக் குறைத்து வைத்துவிட்டார்கள், பல்லவர் நாட்டில் யானை சீக்கிரம் கிடைக்கிறது, அதனால்தான் இந்த அநியாயம். ஆட்டத்தைத் தயாரித்தவர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. அதில் யானையைப் பற்றி நான் பதினோரு நீண்ட கட்டுரைகள் எழுதியிருந்தேன், பட்டியல் எல்லாம் போட்டு. ஒன்றுக்கும் அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் என் மனைவி விழுந்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். சாக்கடைக்குத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்த பள்ளத்தில் ஸ்கூட்டர் சறுக்கி, இடது கணுக்கால் உடைந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாளே அவளுக்கு வீடு அலுத்துவிட்டது.

"இன்னா பா அந்த ஆட்டம், எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்றாள். கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்த நாளிலிருந்தே எங்களுக்குள் நீ, வா, போதான்.

அவளுடைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். பல்லவரை எடுத்துக்கொள், சுலபம் என்றேன். அவள் வரைபடத்தின் ஓரத்தில் பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றரசை எடுத்தாள். இருபது வருஷத்தில் தோற்றாள். மறுபடி ஆடினாள், மறுபடி தோற்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வேலை முடிந்து உள்ளே நுழையும்போதே கேட்டாள்.

"ஏம்பா, இதுல ஒருவாட்டி ஏரி வெட்டிட்டா அவ்ளோதானா?"

"அவ்ளோதான். விளைச்சல் ஏறிடும்."

"எத்தினி வருஷத்துக்கு?"

"ஆட்டம் முடியற வரைக்கும்."

அவள் சிரித்தாள். "எங்க ஊர் ஏரியில பத்து வருஷம் வண்டல் எடுக்காம உட்டுப் பாரு, உள்ள மாடு மேய்ஞ்சிக்கினு இருக்கும். மதகைப் பார்க்கணும், கரையைப் பார்க்கணும், ஆள் வேணும். இங்க இன்னான்னா வெட்டினதோட சரி, முந்நூறு வருஷமும் அப்படியே இருக்குது."

அவளுக்குச் சொந்த ஊர் தாமல். அந்த ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கும் குடும்பம்.

"அது ஆட்டம்தானே, அதுல எல்லாத்தையும் வைக்க முடியுமா?" என்றேன்.

"இல்லபா. பல்லவர் ஏன் ஜெயிக்கிறாங்கன்னு நீ சொல்லிக்கினே இருப்பியே. இதான். அவங்க நாட்டுலதான் ஏரி வெட்ட எடம் ஜாஸ்தி. முதல்ல வெட்டறாங்க, நெல்லு கூடுது, அந்த நெல்லை வெச்சு இன்னொரு ஏரி. நடுவுல எங்கயும் பிடிச்சு நிறுத்தறதுக்கு எதுவும் இல்ல. பக்கவிளைவே இல்லாத மாத்திரை மாதிரி. அப்படி ஒண்ணை யாராவது கடையில கொண்டாந்து குடுத்தா நான் வாங்கி வெப்பனா?"

"யானை?"

"யானை இன்னாத்தைத் திங்குது? அந்த நெல்லைத்தான?"

நான் குளிக்கப் போய்விட்டேன். தலையில் தண்ணீர் விழும்போதே தெரிந்துவிட்டது, அவள் சொல்வதுதான் சரி. நாலு வருஷம் அந்த வரைபடத்தை உற்றுப் பார்த்தவன் நான். என் கண்ணில் படாதது இரண்டு வாரத்தில் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. குளித்துவிட்டு வந்து, "மன்றத்துல எழுதேன்" என்று நானேதான் சொன்னேன். பதில் வராது என்கிற நம்பிக்கையில்.

எளிய ஆங்கிலத்தில் பத்தே வரி எழுதினாள். மறுநாள் மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். குரல் கொள்ளாத சந்தோஷம். "பதில் போட்டுக்கிறாங்கபா! ஆட்டத்தை டிசைன் பண்ணவரே போட்டிருக்காரு. நாங்க யோசிக்காத விஷயம், இன்னும் விவரமா எழுத முடியுமான்னு கேட்டிருக்காரு."

"சூப்பர்" என்றேன். எனக்கு முன்னால் பாதி வரைந்த அன்னம் ஒன்று திரையில் கழுத்தில்லாமல் நின்றது. அன்று அதற்கு நான் கழுத்துப் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் கொழும்புக்காரர், "வாத்தியார், உங்க மனைவியை ஒருக்கா கூப்பிடுங்கோவன், ஏரி பற்றிக் கேட்கவேணும்" என்றார். ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் டீ போட்டேன். அவள் பேசுவதும் அந்தப் பக்கம் ஏதோ சொல்ல இவள் சிரிப்பதும் கேட்டது. டீ பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் பார்த்தேன்.

மன்றத்தில் எல்லோரும் அவள் பக்கம் இல்லை. சிலர் நிரூபணம் கேட்டார்கள். அதற்கு ஒரு வழி இருந்தது. யானைப்படையே இல்லாமல் எல்லா நாடுகளையும் கம்ப்யூட்டரே ஆடும்படி விட்டு, அப்போதும் பல்லவர் ஜெயிக்கிறார்களா என்று பத்து ஆட்டம் பார்ப்பது. அவளுடைய லேப்டாப் அதற்குத் தாங்காது.

"உன் கம்ப்யூட்டர்ல ஓட்டித் தர்றியா?" என்றாள். "கம்ப்யூட்டர் ஆடற நாடு பின்தங்கிப் போனா ஆட்டமே ரகசியமா உதவி பண்ணுமே, அதை மட்டும் அணைச்சுடு. இல்லைன்னா சோதனையே பாழ்."

"தெரியும்" என்றேன்.

வேலைக்குக் கிளம்பும் முன் ஓடவிட்டேன். அந்த உதவியை நான் அணைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். மறக்கவில்லை. அம்புக்குறி அதை அணைக்கும் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நான் அதை நகர்த்திவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

பத்து ஆட்டம் முடிய மூன்று நாள் பிடித்தது. பல்லவர் ஜெயித்தது மூன்றில்தான். அவளிடம் காட்டினேன். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவையும் இரண்டு தடவை பார்த்தாள்.

"அந்த உதவியை அணைச்ச இல்ல?"

"அணைச்சேன்."

அன்று சாயங்காலமே மன்றத்தில் எழுதினாள்: நான் சொன்னது தவறு, சோதனையில் அப்படி வரவில்லை, எல்லோருடைய நேரத்தையும் வீணாக்கியதற்கு மன்னிக்கவும். அதற்குக் கீழே இரண்டு மூன்று பேர் கேலி செய்தார்கள். வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நாடு ஆள்வதும் ஒன்றா என்று ஒருவன் எழுதியிருந்தான். அவள் லேப்டாப்பை மூடினாள். அப்புறம் அதில் அந்த ஆட்டத்தைத் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மறுபடி என்னையே கேட்டார்கள். நானும் சொன்னேன். யானையைப் பற்றிப் பன்னிரண்டாவது கட்டுரைக்குக் குறிப்புகூட எடுத்தேன். நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் பக்கத்து அறையில் அவள் சும்மா டிவி பார்த்துக்கொண்டிருப்பது காதில் விழும்போதெல்லாம் என் ஆட்டம் குழறியது. அந்த மாதம் ஒரு சின்னச் சாளுக்கியப் படையிடம் தோற்றேன்.

கட்டுப் பிரித்து அவள் நடக்க ஆரம்பித்ததும் ஒரு காலையில் தாமலுக்குப் போனோம். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் ஏரிக்கரைமேல் மெல்ல நடந்தோம். தண்ணீர் பாதிக்குத்தான் இருந்தது. உள்ளே ஒரு பக்கம் மேடு தட்டி, அதில் கருவேலஞ்செடிகள் முளைத்திருந்தன. மதகுப் பக்கம் வந்ததும் நின்றாள்.

"சின்ன வயசுல இங்க தலைக்கு மேல தண்ணி நிக்கும்" என்றாள். பிறகு, "ஆனா எனக்கு இன்னா தெரியும்? பொறந்ததுலேர்ந்து பார்த்துக்கினு இருக்கிறதால எல்லாம் தெரியும்னு நெனைச்சுட்டேன். பத்து ஆட்டத்துல ஏழு தப்பு" என்றாள்.

விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் ஏரியைப் பார்த்துச் சொல்லவில்லை, கீழே பார்த்துச் சொன்னாள். தன் ஊர் ஏரியின்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வரும்படி நான் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"நான் அணைக்கலை" என்றேன்.

"எதை?"

"அந்த உதவியை. அணைச்சேன்னு பொய் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மறந்துட்டியா?"

'ஆமாம்' என்றால் முடிந்திருக்கும். "இல்ல. வேணும்னேதான். எனக்குப் பொறாமையா இருந்துச்சு. நான் அத்தினி எழுதியும் எனக்கு ஒரு வரி வரலை. உனக்கு ஒரே நாள்ல வந்துச்சு."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "நான் எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டேனே. அப்ப நீ பக்கத்துல உக்காந்துக்கினு இருந்த" என்றாள். அதோடு திரும்பி நடந்தாள். பைக்கை எடுக்கப் போனவனிடம், "நீ போ. நான் பஸ்ஸுல வர்றேன்" என்றாள்.

"கால் வலிக்கும்."

"வலிக்கட்டும்."

நான் உடனே கிளம்பவில்லை. பஸ் வரும்வரை சாலையோரம் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் ஏறியதும் பஸ்ஸின் பின்னாலேயே ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைசி வரிசை ஜன்னலில் அவள் பின்னந்தலை தெரிந்தது. அது ஒரு தடவையும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "உக்காரு. திருப்பி ஓட்டு. நான் பார்த்துக்கினு இருப்பேன்."

அந்தக் கட்டத்தை அவளே அழுத்தி அணைத்தாள். நான் மூன்று நாள் லீவு போட்டேன். அவளும் போட்டாள். பத்தில் ஒன்பது ஆட்டம் பல்லவர். ஒன்பதிலும் முதல் ஐம்பது வருஷத்தில் அதிகமாக ஏரி வெட்டியவர்கள் அவர்கள். முடிவைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை.

"இப்ப எழுது. உன் பேர்ல."

'சோதனையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து படித்தவள், "நேர்ந்துச்சா?" என்றாள். அழித்துவிட்டு, நான் பிழை செய்தேன் என்று எழுதினேன். "ஏன்னும் எழுது." எழுதினேன். ஏரிக்கரையில் வாயால் சொன்னதைவிட பொறாமை என்கிற அந்த ஒரு சொல்லை அடிப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

குழுவில் இரண்டு பேர் என்னோடு ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். டொரண்டோக்காரர், "பரவாயில்லை, சொல்லிட்டீங்களே" என்றார். ஆனால் அதற்கப்புறம் வாத்தியார் என்று யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் ஒரு மாதத்துக்கு, சாப்பிட்டியா, கேஸ் சொல்லிட்டியா, இவ்வளவுதான் பேச்சு. அப்புறம் ஒரு நாள் மருந்துக்கடையில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எதனால் அன்று மனசு இளகியது என்று நான் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தது. இப்போது ஏரிகளில் வண்டல் சேர்கிறது. கரைக்கு ஆள் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் விளைச்சல் இறங்கும், இரண்டு மூன்று மழையில் கரையே உடையும். பழைய பழக்கத்தில் ஏரியாக வெட்டித் தள்ளிய என் பல்லவ நாடு எழுபதாவது வருஷத்தில் பஞ்சத்தில் படுத்தது. ஆட்டம் அப்போதுதான் ஆட்டமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றங்களின் குறிப்பில் அவள் பேரைப் போட்டு நன்றி சொல்லி ஒரு வரி இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் அதே எரிச்சல் வந்தது. திருந்திவிட்டேன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் அதையும் சொன்னேன். "வரட்டும். கையை மட்டும் சும்மா வெச்சுக்கோ" என்றாள்.

போன வாரம் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த ஆட்டத்தை வெளியிடுவதற்கு முன்பே ஆடிப் பார்த்துக் குறை சொல்ல ஒரு சின்னக் குழுவை அமைக்கிறார்களாம், அதில் சேர முடியுமா என்று. சேர்ந்துவிட்டாள். நேற்று லேப்டாப்பை மடியில் வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். திரையைச் சட்டென்று சாய்த்தாள்.

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிறாங்க."

"புருஷனுக்குக் கூடவா?"

"புருஷனுக்கு முக்கியமா" என்றாள்.